கல்லை எடுக்கச் சொன்னாய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டு போனை வைக்கப் போகிற நேரத்தில், "தொட்டியில கெடக்குற கல்ல எடுத்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். "பாக்கலாம்" என்றேன். அதற்கு முந்தின வாரமும் கேட்டாய், அப்போதும் இதே பதில்தான். நீ பட்டாளத்தில் இருக்கிறவன். ஒரு வேலையைச் சொன்னால் அது முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் உனக்கு இருப்புக் கொள்ளாது. நானும் காக்கிச்சட்டையில் காலம் தள்ளியவன்தான். ஒருத்தன் 'பாக்கலாம்' என்று இழுத்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். உனக்கும் அது உறைத்திருக்கும். போனில் விஷயத்தைச் சொல்லலாம் என்றால், நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் ஜோத்பூரில் உனக்கு யாராவது விசில் ஊதிவிடுகிறார்கள். இங்கேயும் நான் பேசுகிற இடத்துக்கும் உன் அம்மா உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு திரைத்துணிதான் தொங்குகிறது. அதனால் எழுதுகிறேன். இதை வேறு யார் வாசித்தாலும் வாசித்துவிட்டுப் போகட்டும். நம் வீட்டு விஷயம் ராஜபாளையத்தில் தெரியவேண்டியவர்களுக்கெல்லாம் தெரியும், உன்னைத் தவிர.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. தளவாய்புரத்திலிருந்து பெண்வீட்டார் வீட்டுக்கு வரப்போக இருப்பார்கள், கூடத்தில் மீன்தொட்டி கலங்கிக் கிடந்தால் நன்றாயிராது என்று நீ நினைப்பது நியாயம்தான். கல்லை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடித் தரையாக வைத்தால் அழுக்கு கண்ணில் படும், டியூபை விட்டு உறிஞ்சிவிடலாம், எனக்கும் குனிந்து நிமிர்கிற வேலை மிச்சம். நீ சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதற்காக வீடியோ மேல் வீடியோவாக நீ அனுப்ப வேண்டியதுமில்லை. ஆனாலும் கல்லை எடுக்க முடியாது. ஏன் முடியாது என்று சொல்லிவிட்டு, கடைசியில் இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ லீவு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதை நேரடியாக ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, பொறுத்துக்கொள்.

அந்தத் தொட்டி நீ பயிற்சி முடிந்து முதல் லீவில் வந்தபோது வாங்கிவைத்தது. "நான் இல்லாத வீட்டுல ஏதாவது ஒண்ணு அசைஞ்சுக்கிட்டிருக்கட்டும்" என்றாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன்கடை வைத்திருக்கிற பாயிடம் வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாய். உன் அம்மா வத்திராயிருப்புக்காரி. கண்மாய் வற்றும்போது சேற்றில் இறங்கிப் பிடிக்கிற கெளுத்தியும் கெண்டையும்தான் அவளுக்கு மீன். நீ பாலித்தீன் பையைத் தூக்கிச் சிவப்பு மீன்களைக் காட்டியதும், "இதக் கொழம்பு வச்சா ஒருவாய்ச் சோத்துக்குக் காணாதேடா. இதுக்கா அம்புட்டுத் தூரம் அலைஞ்சிட்டு வார?" என்று கேட்டாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நான் சிரித்து, உன்னிடமும் திட்டு வாங்கினேன்.

கல் போடுவதா வேண்டாமா என்கிற சண்டையும் அன்றைக்கே வந்துவிட்டது. நீ வேண்டாம் என்றாய், நான் உன் கட்சி. கடையிலேயே நாம் இருவரும் பாயிடம் கேட்டதற்கு, "கல்லு போட்டா அழகு ஏட்டையா, போடாட்டி சுத்தம். ரெண்டும் வேணும்னா மீன் படத்த வாங்கி மாட்டிக்கோங்க" என்று சொல்லி நம் வாயை அடைத்திருந்தார். உன் அம்மா மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "தரையில்லாம ஒரு வீடா? ஒன்னயக் கண்ணாடி மேல நிக்கச் சொன்னா நிப்பியாலே? காலு கூசாது?"

மறுநாள் மூன்றுபேரும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனோம். ஓடையில் தண்ணீர் கணுக்காலளவு ஓடியது. அவள் முந்தானையை விரித்துக் கூழாங்கல்லாகப் பொறுக்கினாள். திரும்பும்போது வனத்துறைக்காரர் நிறுத்தி, இங்கிருந்து ஒரு கல்கூட வெளியே போகக்கூடாது என்றார். எனக்கு மானம் போனது. அவளை அதட்டினேன். முந்தானையை உதறி அத்தனையையும் அவர் காலடியில் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியைத் திறந்தால், மிச்சப் புளியோதரை வைத்த இலைக்கு அடியில் கூழாங்கல். போலீஸ்காரன் பெண்டாட்டி அரசாங்கக் கல்லைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறாள்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அவுக பாத்தது அவுகளுக்கு, பாக்காதது எனக்கு" என்றாள். மிச்சத்துக்குப் பாய் கடையில் இரண்டு பை வாங்கி நீதான் அலசிப் போட்டாய். அவள் கொண்டுவந்ததை முன்பக்க மூலையில் ஒதுக்கி வைத்தாய். மீன் ஒரு கல்லை வாயில் எடுத்து, உருட்டி, துப்பும். "பல்லு தேய்க்குதுக" என்று அவள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பொங்கலுக்கு நடந்ததும் உனக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. நம் பக்கத்தில் பொங்கலென்றால் வீட்டையே வெளியில் எடுத்துப்போட்டுக் கழுவுவார்கள். அட்டத்தில் ஏற்றிவைத்த பித்தளைப் பாத்திரத்திலிருந்து ஆட்டுக்கல் வரைக்கும் தப்பாது. அந்த வருஷம் அவள் தொட்டியையும் சேர்த்துக்கொண்டாள். மீனை வாளியில் விட்டாள். கல்லை அண்டாவில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடரைத் தூவி, தேங்காய்நாரால் தேய்த்து, மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் காயவைத்தாள். புதுக் குழாய்த்தண்ணீர் பிடித்து நிறைத்தாள். தொட்டி பளபளவென்று இருந்தது. படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், நீகூடக் கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய். மாட்டுப்பொங்கல் கழிந்ததும் பாதி மீன் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தது.

பாயைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தொட்டிக்குள் கையை விட்டுக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "கல்லத் தேய்ச்சுக் கழுவிட்டியளாம்மா? போச்சு. கல்லு மேல வழவழன்னு ஒண்ணு இருக்கும்லா, அதுலதான் தண்ணிய நல்லாக்குற கிருமி பூரா குடியிருக்கு. நீங்க அத வெந்நி ஊத்திக் கொன்னுட்டிய." பாய் போனபிறகு உன் அம்மா தொட்டிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. "சுத்தம் பண்ணுனது தப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள். ஹோட்டலில் பரோட்டா வாங்கிவந்து கொடுத்தேன். அதற்குப்பிறகு அவளே கற்றுக்கொண்டாள். தொட்டியின் பழைய தண்ணீரைக் கொஞ்சம் வாளியில் எடுத்து, அதிலேயே ஒரு பக்கத்துக் கல்லை லேசாக அலசி, திரும்பப் போடுவாள். அடுத்த பக்கம் அடுத்த வாரம். என்னைக் கிட்டேயே விடமாட்டாள். நீ இப்போது எனக்குப் பாடம் எடுக்கிற சங்கதியெல்லாம் அவளிடமிருந்து நீ கேட்டுக்கொண்டதுதான், ஞாபகம் இருக்கிறதா?

அம்மாவுக்கு மறதி, மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், சாப்பிடுகிறாள். உனக்கு நான் சொல்லியிருப்பது இவ்வளவுதான். நடப்பதைச் சொல்கிறேன். அவள் தீனி டப்பாவைத் திறந்து மீனுக்குப் போடுவாள். மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். மீன் கண்ணாடிக்கு அருகில் வந்து வாயைத் திறக்கும். "பாவம்ங்க, பசிக்குது. காலையில இருந்து ஒண்ணும் போடல" என்று மறுபடி போடுவாள். பொழுது அடைகிறவரை இதேதான். டப்பாவை ஒளித்துவைத்தேன். சோற்றைப் போட்டாள், பொரிகடலையைப் போட்டாள், ரவையை அள்ளிப் போட்டாள். அதையும் தடுத்தபோது, "வாயில்லாப் பிள்ளைகளுக்குச் சோறு போடாத வீடா இது?" என்று தெருவுக்குக் கேட்கிறமாதிரி அழுதாள். டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். நீயாக இருந்தாலும் கொடுத்திருப்பாய்.

மேலே தண்ணீர் கொஞ்சநாள் தெளிவாகவே இருந்தது. விழுகிற தீனியெல்லாம் கல்லிடுக்கில் இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் கூடத்தில் அழுகிய முட்டை வாடை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. கையை விட்டுக் கல்லைப் புரட்டினால் அடியில் கறுப்பாகச் சகதி. அன்றைக்குத்தான் உனக்குப் போன் பண்ணினேன், நீ கல்லை எடுக்கச் சொன்னாய். பாயும் அதையே சொன்னார். "இனிமே உங்களுக்குக் கல்லு ஆகாது ஏட்டையா. வெறும் தரையா வைங்க. விழுந்தது கண்ணுல படும், அப்பப்ப இழுத்து விட்டுருங்க." நீங்கள் இருவரும் சொன்னபிறகு எடுக்காமல் இருப்பேனா? எடுத்தேன் தம்பி. நீ கேட்டபோதெல்லாம் 'பாக்கலாம்' என்று சொன்னவன், ஒருதடவை எடுத்தே பார்த்துவிட்டேன்.

வைகாசி வெயில். உன் அம்மா மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, முழங்கால் வலியோடு குனிந்து குனிந்து அத்தனை கல்லையும் அள்ளி வாளியில் போட்டேன். அடிக்கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. மீன்களுக்குத்தான் பிடிக்கவில்லை. கீழே தங்கள் நிழலையே பார்த்து மிரண்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. பழகிவிடும் என்று நினைத்தேன். வாளியைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் வாசல்கதவு திறந்து கிடக்கிறது. அவள் செருப்பு இல்லை. துணி வைக்கிற மஞ்சள்பையும் இல்லை.

பக்கத்து வீட்டில் இருக்கிற ராஜூக்கள் குடும்பத்து அக்காதான் பார்த்திருக்கிறது. "உங்க வீட்டு அக்கா பையத் தூக்கிட்டுப் போனாங்க ஏட்டையா. எங்கன்னு கேட்டேன், எங்க வீட்டுக்குப் போறேன்னாங்க. வத்திராயிருப்புல ஏதும் விசேஷமாக்கும்னு நெனச்சிட்டேன், ராமா ராமா!" என்று நெஞ்சில் கைவைத்தது. ஈரத்தலையோடு ஓடினேன். தெரு, மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு எங்கும் இல்லை. பழைய பழக்கத்தில் ஒரு டிரைவரை நிறுத்தி அடையாளம் சொல்ல ஆரம்பித்தேன். "என்ன சேலை சார் கட்டியிருந்தாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காணாமல் போனவர்களைத் தேடி வந்த எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். காலையிலிருந்து என் எதிரேயே நடமாடிய மனுஷி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று சொல்ல வாயில்லாமல் நின்றேன்.

வத்திராயிருப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறவேண்டும் என்று அடுத்த பஸ்ஸில் அங்கே போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸில் இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, வேர்த்த முகத்தோடு. பச்சைச் சேலை. ஏறிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகு பேசினாள்.

"நல்லவேளை வந்திய ஏட்டையா. என்னய யாரு வீட்டுலயோ கொண்டுபோய் விட்டுட்டாக. எங்க வீட்டுத் தொட்டியில கல்லு கெடக்கும், எம் மகன் போட்டது. அங்க தொட்டி மொட்டையா இருக்கு, மீனெல்லாம் மெரண்டு போய்க் கெடக்கு. அது எங்க வீடில்ல. எங்க வீட்டுக்காரரும் உங்க டிபார்ட்மெண்டுதான். செத்த அவியளுக்குத் தகவல் சொல்லிவிடுங்க."

ஊரெல்லாம் என்னை ஏட்டையா என்று கூப்பிடுவதால் அந்தப் பெயர் மட்டும் அவளிடம் தங்கியிருக்கிறது. கண்டக்டர், "ஏறுதீங்களா எறங்குதீங்களா சார்?" என்று சத்தம்போட்டார். "உங்க வீட்டுக்காரர்தாம்மா என்னய அனுப்புனாரு, வாங்க போவோம்" என்றேன். நம்பி எழுந்து வந்தாள். ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்ததற்கு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் பக்கத்தில் அந்நிய ஆணாக உட்கார்ந்து வந்தேன் தம்பி. யாருக்கும் அது வரக்கூடாது.

அவளை ராஜூக்கள் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, கொல்லையிலிருந்த கல்லை அந்தச் சகதியோடு திரும்பக் கொட்டினேன். தண்ணீர் கலங்கிக் கறுத்தது. பிறகு அழைத்துவந்தேன். உள்ளே நுழைந்து தொட்டியைப் பார்த்தாள். பையை இறக்கிவைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்பங்க வந்திய? காப்பி போடவா?" என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப்பிறகும் நான் சும்மா இருக்கவில்லை, எல்லாம் செய்து பார்த்தேன். மெல்லிசாக ஒரே ஒரு அடுக்குக் கல் மட்டும் போட்டுப் பார்த்தேன். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "யாரோ கல்லத் திருடிட்டாக" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். கல் படம் போட்ட தாளைத் தொட்டிக்கு அடியில் ஒட்டலாம் என்று பாய் யோசனை சொன்னார், ஒட்டினோம். கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, "இது படம்லா" என்றாள். என் பெயர் போய்விட்டது, உன் மாமன் பெயர் போய்விட்டது, இதில் மட்டும் அவளை ஏமாற்ற முடியவில்லை. ஆகவே கல் கிடக்கிறது. அவள் தீனி போட்டுக்கொண்டே இருக்கிறாள், அது இடுக்கில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. என்னால் முடிந்த அளவு டியூபைக் கல்லுக்குள் சொருகி இழுக்கிறேன். முழங்காலும் முதுகும் விடுகிற நாளில் அதுவும் இல்லை. மீன் சாகிறது. அவள் பார்க்கும் முன்னால் எடுத்துப் புதைத்துவிட்டு, பாயிடம் அதே நிறத்தில் வாங்கிவந்து விடுகிறேன். நீ வீடியோ காலில் பார்த்து 'எம்புட்டுப் பெருசாயிட்டு' என்று சந்தோஷப்பட்டாயே, அது அதற்கு முந்தின வாரம் வாங்கியது. நீ வாங்கிவந்த மீன் ஒன்றுகூட அதில் இல்லை.

தொட்டியை வைத்து உனக்கு வாழ்க்கைப் பாடம் எழுத எனக்குத் தெம்பில்லை. மேலே தெளிவு, அடியில் அழுக்கு என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் கிடப்பது அழுகிப்போன மீன்தீனி, வேறொன்றுமில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற மகனுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் பெண்டாட்டி இன்றைக்கு என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று தினமும் பார்த்துவை. இன்னொன்று, அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் தாலி கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடு. 'மறதி' என்று பூசி மெழுகாதே. இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. வந்து பார்த்துவிட்டுப் பயந்து போனால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதே, எனக்கே சில நாள் பயமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் சொல்கிறேன் என்றது இதைத்தான். போன மாதம் நீ வீடியோவில் வந்தாய். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றாய். "நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டியளா?" என்றாள். நீயும் சிரித்துப் பேசிவிட்டு வைத்தாய். வைத்தபிறகு என்னிடம், "யாருங்க அந்தத் தம்பி? மரியாதையாப் பேசுதாரு, நல்ல வீட்டுப் பிள்ளை போல" என்றாள். சின்னத் திரை, வெளிச்சம் போதாது, முடி வேறு ஒட்ட வெட்டியிருக்கிறாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் போட்டோவை எடுத்துவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "லட்சணமா இருக்காரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். நீ அவளிடம் இல்லை தம்பி. அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான், பட்டாளத்தில் இருக்கிறான், அவன் போட்ட கல் இருக்கிறது. உன் முகம்தான் இல்லை. வருமா என்று டாக்டரைக் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், சுற்றிவளைக்கவில்லை. ஒருநாள் கல் கிடந்தாலும் இது யார் வீடு என்று கேட்பாள் என்பதையும் சொன்னார். சில நாட்களில் சாயங்காலம் அந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிட்டது.

உன் மாமன் வத்திராயிருப்பிலிருந்து வந்து, "அக்கா, நான்தான், ஒந் தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கையை உருவிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அவன் ஊருக்குப் போகிறவரை அவள் சாப்பிடவில்லை. உரிமை கொண்டாடி யார் கிட்டே வந்தாலும் அவளுக்குக் குலை நடுங்குகிறது. தொட்டியைப் பார்க்க வருகிறவர்களிடம்தான் பயமில்லை. பாய் வந்தால் நாற்காலி போடுகிறாள், பேசுகிறாள்.

அதனால் மண்டபத்து மேடைக்கு அவள் வரமாட்டாள். அந்தக் கூட்டத்தில் அவளை நிறுத்த நான் சம்மதிக்கமாட்டேன். ராஜூக்கள் வீட்டு அக்கா அன்றைக்கு வீட்டில் துணைக்கு இருக்கும். பெற்றவள் இடத்தில் உன் மாமன் பெண்டாட்டி நிற்பாள். ஊர் கேட்டால் கேட்கட்டும், பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீ லீவில் வந்து இறங்கியதும், பெட்டியை ராஜூக்கள் வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வா. காலில் விழாதே. நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லாதே. சொன்னால் உன் முகத்தில் எதையோ தேடுவாள், தேடித் தேடிக் கிடைக்காமல் பயந்துபோவாள். அந்தப் பார்வையை நான் வாங்கியிருக்கிறேன், நீ வாங்க வேண்டாம். தொட்டி பார்க்க வந்தேன் என்று சொல்லி அதற்கு முன்னால் குத்தவைத்து உட்கார். தானாக வந்து உன் பக்கத்தில் உட்காருவாள். யார் வந்தாலும் சொல்வதை உன்னிடமும் சொல்வாள், "எம் மகன் பட்டாளத்துல இருக்கான். லீவு கெடச்சதும் வந்துருவான். அவன் போட்ட கல்லு இது." சொல்லிவிட்டு, "இத எடுக்கணும்ங்காகளே, எடுக்கணுமா தம்பி?" என்று கேட்பாள்.

வேண்டாம், கிடக்கட்டும் என்று சொல். அதைக் கேட்டதும் அவளுக்கு உன்மேல் பிரியம் வந்துவிடும். தீனி டப்பாவைத் திறந்து உன் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டுவாள், பாவம் காலையிலிருந்து பட்டினி என்பாள். அப்போதுதான் அவள் போட்டிருப்பாள். இருந்தாலும் நீ போடு.

அப்பா